சவுக்கு வேர் முடிச்சு

சவுக்கு மரத்தின் வேரில் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிர் குடியேறுவதால் திரளும் புடைப்பே சவுக்கு வேர் முடிச்சு. காற்றிலுள்ள நைட்ரஜனை மரம் ஏற்கும் தழைச்சத்தாக மாற்றுவது இதன் வேலை. செங்கல்பட்டு மாவட்டத்தின் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், செய்யூர் வட்டாரக் கடலோர மணலில் மட்கு குறைவு. போட்ட உரமும் தங்காமல் கீழிறங்கிவிடும். அங்கும் சவுக்குத் தோப்புகள் செழிப்பதற்கு இந்த முடிச்சு பெரிய துணை.

சவுக்கு வந்தேறி மரம். தென்கிழக்கு ஆசியாவும் ஆஸ்திரேலியாவும் அதன் தாயகம். 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களின் விறகுக்காகச் சென்னையை ஒட்டிய கடற்கரையில் பயிரானது. இன்று சாரக்கட்டை, பந்தல்கால், காகிதக்கூழ், மிலார் (சுள்ளி விறகு) என முழுமரமும் விலைபோகிறது.

வளர்ந்த மரத்தடியில் மணலை விலக்கினால், பவளம்போல் கிளைத்த பழுப்பு முடிச்சுகள் கையில் தட்டுப்படும். நிலக்கடலை வேரின் சிறு மணி முடிச்சுகளில் இருப்பது ரைசோபியம் வகைப் பாக்டீரியா. இங்கிருப்பதோ இழை இழையாக வளரும் பாக்டீரியா. ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஃபிராங்க்கின் பெயரை 1886இல் இதற்குச் சூட்டினார்கள். வேரிலிருந்து பிரித்துத் தனியே வளர்ப்பது 1978இல்தான் கைகூடியது.

ஃபிராங்கியா வேர்த்தூவி வழியே நுழைகிறது. தூவி வளைந்து சுருள, உள்ளே செல்கள் பெருகி, பக்கவேரே முடிச்சாக உருமாறுகிறது. இதில் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோனுக்குப் பங்குண்டு. ஃபிராங்கியாவும் ஆக்சின் சுரக்கிறது; அது புகுந்த வேர்ச்செல்களில் ஆக்சின் சேர்வதைக் காசுவரினா கிளாக்கா என்னும் உறவினத்தில் 2010இல் விளக்கினர்.

நாற்றங்காலில் ஹார்மோனை மனிதரும் கையாள்கின்றனர். தேர்ந்த மரத்தின் இளந்தளிர்த் துண்டுகளின் அடியில் இண்டோல் பியூட்டிரிக் அமிலத் தூளைத் தொட்டு, வெர்மிகுலைட்டில் ஊன்றி, ஈரம் காக்கும் பாலித்தீன் கூடாரத்தில் வைத்தால் வேர்விடும். தாய்மரத்தின் குணம் மாறாத கன்று கிடைக்கும். விதை நாற்றங்காலில் எறும்பு விதைகளைத் தூக்கிப்போகும் தொல்லையும் இதில் இல்லை. கோயம்புத்தூரிலுள்ள வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம் சவுக்கு மேம்பாட்டில் நெடுங்காலம் உழைத்துவருகிறது.

வெர்மிகுலைட்டில் ஃபிராங்கியா இராது. ஹார்மோன் வேரைத் தரும். அந்த வேருக்குத் துணையைத் தராது. ஆகவே கன்றைப் பையில் மாற்றும்போது, நோயற்ற பழைய தோப்பின் முடிச்சுகளைக் கழுவி நசுக்கிக் கரைத்த நீரையோ, ஆய்வகத்தில் வளர்த்த ஃபிராங்கியாவையோ வேரடியில் ஊற்ற வேண்டும். செலவு சொற்பமான இந்த வேலையைத் தவிர்ப்பது, கன்று வாங்குபவரை யூரியாவை நம்பியிருக்க வைப்பதாகும். யூரியா மிகுந்தால் முடிச்சு பிடிப்பதும் குறையும். மணிச்சத்து போதாத மண்ணிலும் அப்படியே. வேரில் கூடிவாழும் மைக்கோரைசா பூஞ்சை மணிச்சத்தை எடுத்துக்கொடுத்து உதவும்.

முடிச்சின் வலுவில் சவுக்கு எங்கும் வளரும் என்பதற்காக அலைக்கரை வரை நடலாகாது. அந்த மணல், பங்குனி ஆமை முட்டையிடும் இடம். அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் அங்கே மணலைப் பிடித்துவைக்கும்.