வாங்குபவருக்கும் பாடம் உண்டு: மென்பொருள் பொறியியல் வளர்ந்த கதை

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளையோ பெண்ணோ மருமகனோ ஒருவர் கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறார். "என்ன வேலைப்பா?" என்று கேட்டால் "ப்ராசஸ், குவாலிட்டி" என்று ஏதோ சொல்வார். "சி.எம்.எம். லெவல் 5" என்ற எழுத்துகளையும் ஒரு காலத்தில் கம்பெனி விளம்பரங்களில் அடிக்கடி பார்த்தோம். இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன? இவற்றால் மென்பொருள் உண்மையிலேயே சீர்பட்டதா? இந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

நெருக்கடிக்குப் பெயர் வைத்தார்கள்

1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் என்ற ஊரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் கணினி வல்லுநர்கள் கூடினார்கள். இயந்திரங்களின் வேகம் ஆண்டுக்கு ஆண்டு கூடியது. ஆனால் அவற்றுக்கு எழுதிய நிரல்களோ காலம் தாழ்ந்தும், செலவு மீறியும், பிழைகளோடும் வந்து சேர்ந்தன. இதைத்தான் 'மென்பொருள் நெருக்கடி' என்றார்கள். பாலம் கட்டுவதைப் போல இதையும் ஒரு பொறியியலாகச் செய்ய வேண்டும் என்று 'மென்பொருள் பொறியியல்' என்பதையே மாநாட்டின் தலைப்பாக வைத்தார்கள்.

நிர்வாகத்தில் எங்கே சறுக்குகிறது என்பதை எடுத்துச் சொன்னவர் ஃப்ரெட் புரூக்ஸ். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்./360 என்ற மாபெரும் மென்பொருள் பணியை நடத்தியவர். தாமதமாகிவிட்ட வேலையில் புது ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-ல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். காரணம் எளிது. புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவர் தம் வேலையை நிறுத்த வேண்டும். மேலும், 5 பேர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள 10 தொடர்புகள் போதும். 10 பேர் என்றால் 45 தொடர்புகள் வேண்டும். களத்துமேட்டில் ஆள் கூடினால் அறுப்பு சீக்கிரம் முடியும். மென்பொருளில் அந்தக் கணக்கு செல்லாது.

ஐந்து படிகள்

அந்த நாளில் மென்பொருளைப் பெருமளவில் வாங்கியவர்களில் முக்கியமானது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. ஏமாற்றங்களையும் அதுவே நிறையச் சந்தித்தது. ஆகவே 1984-ல் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மென்பொருள் பொறியியல் நிறுவனத்தை (எஸ்.இ.ஐ.) ஏற்படுத்தியது. ஐ.பி.எம்.மில் 27 ஆண்டுகள் பணியாற்றிய வாட்ஸ் ஹம்ஃப்ரி 1986-ல் அங்கே சேர்ந்தார். ஒரு நிறுவனத்தின் திறமையை எப்படி எடைபோடுவது என்ற கேள்விக்கு அவர் தொடங்கிய முயற்சியே 1991-ல் சி.எம்.எம். என்னும் முதிர்ச்சி மாதிரியாக வெளிவந்தது.

அதில் ஐந்து படிகள். முதல் படியில் எல்லாம் தனி ஆளின் சாமர்த்தியம். அவர் லீவு போட்டால் வேலை நின்றுவிடும். இரண்டாம் படியில் திட்டமும் செலவுக் கணக்கும் ஒழுங்குக்கு வரும். ஒருமுறை செய்ததை மறுமுறையும் செய்ய முடியும். மூன்றில் நிறுவனம் முழுவதற்கும் ஒரே பொது நடைமுறை. நான்கில் அளந்து பார்த்து நடத்துவது. ஐந்தில், பிழை வந்தால் அதைத் திருத்துவதோடு நில்லாமல், அந்தப் பிழை நுழைய இடம்கொடுத்த நடைமுறையையே திருத்துவது. ஹூஸ்டனில் விண்வெளி ஓடத்துக்கு நிரல் எழுதிய ஐ.பி.எம். குழு இப்படித்தான் உழைத்து, முதன்முதலாக ஐந்தாம் படியைத் தொட்டது.

இந்த ஏணியை இந்தியா வேகமாகப் பற்றிக்கொண்டது. 1990-களின் முற்பகுதியிலேயே பெங்களூரில் இருந்த மோட்டோரோலா மையம் ஐந்தாம் படிக்குச் சென்றது. 2000-களின் தொடக்கத்தில் உலகில் அந்தப் படியை எட்டிய அமைப்புகளில் பெரும்பங்கு இந்தியாவில்தான் இருந்தது. முகம் தெரியாத தூரதேசத்துக் கம்பெனியிடம் வேலையைக் கொடுக்க அமெரிக்க வாடிக்கையாளர் தயங்குவார் அல்லவா? அந்தத் தயக்கத்தைப் போக்கும் அறிமுகக் கடிதமாக அந்தச் சான்று பயன்பட்டது. சென்னையில் ஹம்ஃப்ரியின் பெயரிலேயே ஒரு மென்பொருள் தரக் கல்வி நிறுவனம் 2000-ல் உருவானது.

சரியான நிரல், தவறான இடம்

நடைமுறை என்றால் வெறும் காகித வேலை என்று எண்ணுபவர்கள் 1996 ஜூன் 4-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் அரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் கிளம்பிய சுமார் 40 விநாடிகளில் வெடித்துச் சிதறியது. அரியான் 4-ல் நன்றாக ஓடிய நிரலின் ஒரு பகுதியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் அதிகம். அதற்கான எண் 32,767 என்ற எல்லையைத் தாண்டியதும் திசைகாட்டும் கணினி செயலிழந்தது. இத்தனைக்கும் அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையே இல்லை! புதிய ராக்கெட்டின் பாதையை வைத்து முன்கூட்டியே சோதித்திருந்தால் தெரிந்திருக்கும் என்று விசாரணைக் குழு கூறியது.

வாங்கத் தெரிய வேண்டும்

இதுவரை பார்த்ததெல்லாம் செய்பவர் பக்கம். வாங்குபவர் பக்கம் எப்படி இருந்தது? வீடு கட்டுகிறவர் சுவர் எழும்பிய பிறகு, "சமையலறையை அந்தப் பக்கம் தள்ளிடுங்க மேஸ்திரி" என்றால் என்ன ஆகும்?

அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ., வழக்குக் கோப்புகளைக் கணினியில் கையாள 2001-ல் ஒரு திட்டத்தை ஒப்பந்தம் விட்டது. செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு தேவை விரிந்தது. பாதி வழியிலும் மாறிக்கொண்டே போனது. பொறுப்பதிகாரிகளும் மாறினார்கள். தவணை தவறினால் தண்டம் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இல்லை. சுமார் 17 கோடி டாலர் செலவான பின் 2005-ல் திட்டம் கைவிடப்பட்டது. செய்து கொடுத்தவர்களின் நிரலிலும் குறைகள் இருந்தன. ஆனால் நீதித்துறையின் தணிக்கை எஃப்.பி.ஐ.யின் நிர்வாகத்தையும் கடுமையாகச் சாடியது.

வேடிக்கை என்னவென்றால், வாங்குபவருக்கென்றே ஒரு முதிர்ச்சி மாதிரியை எஸ்.இ.ஐ. 1996-லேயே வெளியிட்டிருந்தது. 2007-ல் அது சி.எம்.எம்.ஐ. குடும்பத்திலும் சேர்ந்தது. விற்பவர்கள் தங்கள் படியை விளம்பரத்தில் போட்டுக்கொண்டார்கள். வாங்குபவர்களின் படியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

எஃப்.பி.ஐ. பிறகு சென்டினல் என்ற புதிய திட்டத்தைத் தொடங்கியது. அதுவும் தள்ளாடவே, 2010-ல் பொறுப்பைத் தானே ஏற்று, சிறு குழுவை வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு பகுதியாகச் செய்து சோதித்துப் பார்த்தது. 2012-ல் அது பயன்பாட்டுக்கு வந்தது. 2001-ல் 17 பேர் சேர்ந்து அறிவித்த 'அஜைல்' முறையின் சாரமும் இதுவே: கொஞ்சம் செய், காட்டு, திருத்து. இதை ஏணிக்கு எதிரி என்பார்கள் சிலர். ஆனால் தவறிலிருந்து முறையைத் திருத்து என்ற ஹம்ஃப்ரியின் கருத்து இரண்டிலும் இருக்கிறது.

நிறைவாக

சான்றிதழ் சுவரில் தொங்கும். பழக்கம் கையில் இருக்க வேண்டும். இது பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லும் புத்திமதி அல்ல. நம் குடியிருப்புச் சங்கமோ பள்ளியோ கணக்குப் பார்க்க ஒரு சாஃப்ட்வேர் வாங்கினால் அன்றைக்கு நாமும் வாங்குபவர்தான். நமக்கு என்ன வேண்டும், அதை முடிவு செய்பவர் யார், எந்தெந்தப் பகுதியாக வாங்கிச் சோதிக்கப் போகிறோம் என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கோடிக்கணக்கில் இழந்தவர்கள் கற்ற பாடம் நமக்குச் செலவில்லாமல் கிடைத்திருக்கிறது.