தைக்கவும் இல்லை, கமராவும் தூக்கவில்லை: ஸ்டைலிஸ்ட் என்ற வேலை வந்த வழி

1985 மார்ச் மாதம் லண்டனில் வந்த 'த ஃபேஸ்' சஞ்சிகையின் அட்டையில் ஒரு சின்னப் பெடியன். பெயர் ஃபெலிக்ஸ் ஹோவார்ட். பன்னிரண்டு வயது மட்டில் இருக்கும். தலையில் ஒரு தொப்பி, தொப்பியில் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு துண்டு, அந்தத் துண்டில் 'கில்லர்' என்ற ஒரு சொல். முகத்தில் சிரிப்பு இல்லை. வயதுக்கு மிஞ்சின பார்வை.

படத்தைப் பிடித்தவர் ஜேமி மோர்கன். தொப்பியை எங்கேயோ யாரோ செய்திருப்பார்கள். ஆனால் இந்தப் பெடியன்தான் வேண்டும், இந்தத் தொப்பிதான் வேண்டும், அதில் இந்தத் துண்டைச் செருகவேண்டும் என்று கண்டவர் இன்னொருவர்: றே பெட்ரி. அவர் தையல்காரர் இல்லை, உடை வடிவமைப்பாளர் இல்லை, கமராவும் தூக்கவில்லை. அவர் செய்ததை 'ஸ்டைலிங்' என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கினார்கள்.

இன்றைக்கு எங்கட வயதுக்காரர் பலர் இன்ஸ்டகிராமில் பெயருக்குக் கீழே 'ஸ்டைலிஸ்ட்' என்று போடுகிறார்கள். வீட்டில் "அது என்ன வேலை, கம்பஸ் முடிச்சுப்போட்டு ஆக்களுக்கு உடுப்புப் போட்டுவிடப் போறியோ?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் முழிக்கிறோம். கேள்வி நியாயமானதுதான். இந்த வேலைக்கு வயதும் அவ்வளவு இல்லை, நேரான பாதையும் இருந்ததில்லை. அது எப்படி வந்தது என்று பார்த்தால், எப்படி அதில் பிழைப்பது என்ற கேள்விக்கும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும் என்று நினைக்கிறோம்.

சொல் பழையது. 1920களிலேயே அமெரிக்காவின் பெரிய கடைகளில் 'ஸ்டைலிஸ்ட்' என்று ஆட்களை வைத்திருந்தார்கள். எந்த உடுப்பு விலைபோகும், எதோடு எது பொருந்தும் என்று கடைக்காரருக்குச் சொல்வது அவர்களின் வேலை. சஞ்சிகைகளில் அந்தச் சொல் பெரிதாக இல்லை. அங்கே இருந்தவர் ஃபாஷன் ஆசிரியர். மாதச் சம்பளம், மேசை, தொலைபேசி, உடுப்பு அனுப்புவதற்கு வரிசையில் நிற்கும் கம்பனிகள் எல்லாம் அவருக்கு இருந்தன. வோக் போன்ற சஞ்சிகைக்குள் அந்த மேசைக்குப் போவதற்குப் பெரும்பாலும் நல்ல குடும்பமும் நல்ல ஆங்கில உச்சரிப்பும் தேவைப்பட்டன.

அந்த மேசைக்கு வேறு வழியால் வந்தவர் கரோலைன் பேக்கர். 1965இல் தொடங்கி 1975இல் நின்றுபோன 'நோவா' என்ற பெண்கள் சஞ்சிகையில் அவர் முதலில் ஃபாஷன் ஆசிரியர் மோலி பார்க்கினுக்கு உதவியாளராக இருந்தார். பார்க்கின் விலகியபோது அந்த இடம் அவருக்கு வந்தது. ஃபாஷன் படித்த ஆள் இல்லை. படிக்காததுதான் உதவியது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. கம்பனிகள் அனுப்பிய உடுப்புகளோடு நிற்காமல் சந்தைக்கும், விளையாட்டுச் சாமான் விற்கிற கடைக்கும், ஆம்பிளையளின் கடைக்கும் போய்த் தேடினார். குளிருக்குப் போடுகிற ஆண்களின் நீட்டு உள்ளாடையை வாங்கிச் சாயம்போட்டுப் பெண்களுக்குப் போட்டார்.

1971இல் இராணுவம் கழித்துவிட்ட பழைய உடுப்புகளை விற்கும் கடைகளில் பொறுக்கியெடுத்து, ஹான்ஸ் ஃபொயரர் என்ற புகைப்படக் கலைஞரோடு சேர்ந்து அவர் செய்த படத்தொகுதி இன்றைக்கும் பேசப்படுகிறது. வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். பெண்கள் பச்சைக் களிசானும் பெரிய பூட்ஸும் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். விலை மலிவு, நெடுநாள் தாங்கும், பொக்கற் நிறைய இருக்கும் என்பதுதான் அங்கே சொன்ன சேதி. எங்கட சனத்துக்கு அந்தப் படங்களைப் பார்க்கும்போது வேறொன்றும் சேர்ந்து வரும். அந்தப் பச்சை எங்களுக்குக் கடையில் தொங்குகிற பச்சை இல்லை, சென்றியில் நிற்கிற பச்சை. ஒரே துணி, இரண்டு ஊரில் இரண்டு அர்த்தம். துணியின் இந்த அர்த்தத்தை வாசிக்கத் தெரிந்திருப்பதுதான் ஸ்டைலிஸ்டின் முதல் தகுதி. வண்ணப் பொருத்தம் எல்லாம் அதற்குப் பிறகு.

நோவா நின்ற பிறகு பேக்கர் சம்பள மேசையை நம்பியிருக்கவில்லை. விவியன் வெஸ்ட்வூட்டோடு வேலை செய்தார், 'ஐ-டி' சஞ்சிகைக்குச் செய்தார், பெனட்டன் விளம்பரங்களுக்குச் செய்தார். ஒரு இடத்தில் பெயர், இன்னொரு இடத்தில் காசு. இந்தக் கணக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

இனி 1980கள். பிரித்தானியாவில் 1982இல் வேலையில்லாதோர் 30 இலட்சத்தைத் தாண்டினார்கள். தட்சர் ஆட்சி. அந்தக் காலத்தில்தான் இரண்டு சின்னச் சஞ்சிகைகள் வந்தன. இசைச் சஞ்சிகைகளில் ஆசிரியராக இருந்த நிக் லோகன் தன்னுடைய சேமிப்பு 3,500 பவுணைப் போட்டு 1980 மே மாதம் 'த ஃபேஸ்' தொடங்கினார். அதே வருடம், வோக்கில் வேலை செய்து வெளியே வந்த டெரி ஜோன்ஸ் 'ஐ-டி' தொடங்கினார். தெருவில் போகிறவரைச் சுவரோரம் நிறுத்திப் படமெடுத்து, என்ன போட்டிருக்கிறாய், எங்கே வாங்கினாய் என்று கேட்டு எழுதுவது அதன் வழக்கம்.

இரண்டு சஞ்சிகைகளிடமும் காசு இல்லை. மாதச் சம்பளத்துக்கு ஃபாஷன் பிரிவு வைத்திருக்க ஏலாது. ஆனபடியால் வெளியிலிருந்து ஒருவர் வந்து, உடுப்பைத் தானே தேடி, ஆளைத் தானே பிடித்து, படமெடுக்கும் நாளில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டுப் போகலாம். சஞ்சிகை கொடுக்கக்கூடியது சொற்பக் காசும் பக்கத்தில் ஒரு பெயரும். அந்தப் பெயர் போடுகிற வழக்கத்தால்தான் ஸ்டைலிஸ்ட் தனித் தொழிலானார் என்பது எங்கட வாசிப்பு. பெரிய ஒரு கலைக் கனவில் பிறந்த தொழில் இது இல்லை, சம்பளம் கொடுக்க வழியில்லாத இடத்தில் பிறந்தது. இன்னொரு பக்கத்தால் அரசாங்கமே உதவியதும் உண்மை. வேலையில்லாத ஒருவர் சொந்தத் தொழில் தொடங்கினால் வாரம் 40 பவுண் ஒரு வருடத்துக்குக் கொடுக்கும் திட்டம் 1983இலிருந்து நாடு முழுக்க இருந்தது. கையில் ஆயிரம் பவுண் இருப்பதாகக் காட்டவேண்டும். வேலையில்லாதோர் தொகையைக் குறைத்துக் காட்டத்தான் அந்தத் திட்டம் என்று அப்போதே பலர் திட்டினார்கள். ஆனால் அந்த 40 பவுணில் காலூன்றிய கலைஞர்கள், இசைக்காரர், உடை செய்பவர்கள் நிறையப் பேர்.

றே பெட்ரி இந்தச் சூழலுக்குள் வந்தபோது ஒன்றும் சின்னப் பெடியன் இல்லை. 1948இல் ஸ்கொட்லாந்தின் டண்டீயில் பிறந்தவர். பதின்ம வயதில் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போய், 1960களின் கடைசியில் லண்டன் வந்தார். பழம்பொருள் வியாபாரம், அது இது என்று பல வேலை பார்த்து, புகைப்படக் கலைஞர்களுக்கு முகவராகவும் இருந்து, முப்பதுகளின் நடுவில்தான் ஸ்டைலிங்கில் கால் வைத்தார். இருபத்துமூன்று வயதில் "எனக்குப் பிந்திப்போச்சு" என்று புலம்புகிற எங்கட நண்பர்களுக்காக இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறோம்.

அவரைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது. ஜேமி மோர்கன், கமரன் மெக்வே, மார்க் லெபன், மிட்சி லோரன்ஸ், கேமன் சகோதரர்கள் நிக்கும் பரியும், பாடகி நெனே செரி. தங்களுக்கு 'பஃபலோ' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயருக்குப் பல கதை உண்டு. கரீபியன் பேச்சில் அடங்காத பெடியங்களைக் குறிக்கும் சொல் என்பது மோர்கன் சொல்வது. உடுப்பு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை: அமெரிக்க விமானப்படையின் எம்.ஏ.-1 நைலோன் ஜக்கெற், லீவைஸ் களிசான், டொக்டர் மார்ட்டின்ஸ் சப்பாத்து, குத்துச்சண்டைக்காரரின் காற்சட்டை, வெள்ளை ரீ-சேட், எங்கேயோ எடுத்த பழைய தொப்பி. விலை கூடின வடிவமைப்பாளரின் கோட்டு ஒன்று இருந்தால் அதையும் இதற்குள்ளே கலந்துவிடுவார்.

பாவாடையும் போட்டார், ஆம்பிளையளுக்கு. 1984இல் அந்தப் படங்கள் வந்தபோது லண்டனில் பலருக்கு அது பெரிய அதிர்ச்சி. சாரமும் வேட்டியும் கட்டின அப்புமாரைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த அதிர்ச்சி கொஞ்சம் சிரிப்பாக இருக்கிறது. ஆனாலும் அவர் எங்கே கை வைத்தார் என்பது விளங்குகிறது. பாவாடை போட்டவனின் தோளும் காலும் குத்துச்சண்டைக்காரனுடையவை. யார் ஆம்பிளை, என்ன போட்டால் ஆம்பிளை என்ற கேள்வியை ஒரு வரி எழுதாமல் கேட்டுவிட்டார்.

எங்களுக்கு உடுப்பைவிட முக்கியமாகத் தெரிவது ஆட்கள். அப்போது விளம்பரங்களிலும் சஞ்சிகைகளிலும் ஆண் மொடல் என்றால் பெரும்பாலும் பொன்முடி வெள்ளைக்காரர். பெட்ரியின் படங்களில் கறுப்பினப் பெடியங்கள், கலப்புக் குடும்பத்துப் பெடியங்கள் வந்தார்கள், அதுவும் நடுவில். கேமன் சகோதரர்களின் குடும்பத்தில் பர்மிய, ஐரிஷ், டச்சு இரத்தம் கலந்திருந்தது. ஏஜென்சியில் இல்லாதவர்களை, நண்பர்களை, தெருவில் கண்டவர்களை அவர் நிறுத்தினார். 1985 கடைசியில் லீவைஸ் 501 விளம்பரத்தில், சலவைக் கடைக்குள் வந்து களிசானைக் கழற்றி மெஷினுக்குள் போட்டுவிட்டு உள்ளாடையோடு குந்தியிருக்கிற இளைஞன் நிக் கேமன்தான். அந்த விளம்பரம் அவரை நாடறிந்த முகமாக்கியது. அதற்கு முன்னாலேயே 'த ஃபேஸ்' அட்டையில் பெட்ரியும் மோர்கனும் அவரை வைத்திருந்தார்கள். சின்னச் சஞ்சிகை முகத்தைக் கண்டுபிடிக்கும், பெரிய கம்பனி அதை வாங்கும்.

பெட்ரிக்கு அதிக காலம் கிடைக்கவில்லை. எயிட்ஸ் நோய். நோயாளியோடு ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கவே சனம் பயந்த காலம் அது. முகத்தில் நோயின் அடையாளம் தெரியத் தொடங்கியபோது ஃபாஷன் உலகத்திலேயே பலர் ஒதுங்கினார்கள். ஜோன் போல் கோல்ட்டியே தன்னுடைய பாரிஸ் காட்சியில் அவரை முன்வரிசையில் இருத்தினார் என்று நண்பர்கள் நினைவுகூர்கிறார்கள். 1989இல், 41 வயதில் இறந்தார். அதற்குச் சற்று முன்னர், 1988 கடைசியில், நெனே செரியின் 'பஃபலோ ஸ்டான்ஸ்' பாட்டு பிரித்தானியப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது. நிறைமாத வயிற்றோடு அவர் தொலைக்காட்சியில் அதைப் பாடினதும் பஃபலோக்காரரின் துணிச்சலில் ஒன்றுதான்.

இந்த வேலையின் உள்பக்கத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் படத்தில் அது தெரியாது. உடுப்பில் முக்கால்வாசி இரவல். கம்பனியின் விளம்பரப் பிரிவுக்கு எழுதிக் கேட்டு, கணக்கு வைத்து, சூட்கேஸில் அடைத்துச் சுமந்து, நீராவி போட்டுச் சுருக்கு எடுத்து, மொடலின் முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இறுக்கி, சப்பாத்து அடியில் ரேப் ஒட்டி, படம் முடிய எல்லாவற்றையும் அழுக்குப் படாமல் திருப்பிக் கொடுக்கவேண்டும். தொலைந்தால் பொறுப்பு ஸ்டைலிஸ்டுக்கு. நடைமுறையில் இதில் பாதியைச் செய்வது உதவியாளர். ஆனபடியால் இந்தத் தொழிலுக்குள் நுழையும் வாசல் உதவியாளர் வேலைதான்.

அந்த வாசலால் போனவர் எட்வர்ட் எனின்ஃபுல். 1972இல் கானாவில் பிறந்தவர், தாய் தையல்காரி. சின்ன வயதில் தாயின் தையல் அறையில் நின்று துணியைப் பழகினவர். குடும்பம் லண்டனுக்கு வந்த பிறகு, 16 வயதில் நிலத்தடி ரயிலில் சைமன் ஃபொக்ஸ்டன் என்ற ஸ்டைலிஸ்ட் அவரைக் கண்டு மொடலாக வரக் கேட்டார். மொடலாக இருந்தபடியே ஃபொக்ஸ்டனுக்கு உதவி செய்து பழகினார். 18 வயதில் 'ஐ-டி'யின் ஃபாஷன் இயக்குநர். படிப்பைக் கைவிட்டு இதில் இறங்கியதைத் தகப்பன் ஏற்கவில்லை, வீட்டை விட்டுப் போகவேண்டி வந்தது. 2017இல் பிரித்தானிய வோக்கின் முதலாவது கறுப்பின ஆசிரியரானார், முதலாவது ஆண் ஆசிரியரும் அவர்தான்.

இதை வாசித்து எல்லாரும் ரயிலில் ஏறி நின்றால் சரிவரும் என்று நினைக்கவேண்டாம். எனின்ஃபுல் ஒருவர். மற்றப்பக்கம் 2013இல் அமெரிக்காவில் நடந்த வழக்கு இருக்கிறது. வோக்கை வெளியிடும் கொண்டே நாஸ்ட் நிறுவனத்தின் மீது முன்னாள் பயிலுநர் இரண்டு பேர் வழக்குப் போட்டார்கள். ஒருவர் 'டபிள்யூ' ஃபாஷன் சஞ்சிகையில் நகை, கைப்பை, சப்பாத்துகளை அடுக்கி அனுப்பி வாங்கும் வேலையைச் செய்தவர். நாளுக்கு 12 டொலர்தான் தந்தார்கள் என்பது அவரது முறைப்பாடு. அந்த வருடமே நிறுவனம் பயிலுநர் திட்டத்தை நிறுத்தியது. அடுத்த வருடம் 58 இலட்சம் டொலருக்கு இணக்கம் வந்தது, ஆயிரக்கணக்கான முன்னாள் பயிலுநருக்குப் பங்கிட. வழக்கு வென்றது மாதிரித்தான். ஆனால் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இருந்த வாசலும் சேர்ந்து மூடியது என்று அப்போதே சிலர் சொன்னார்கள். இரண்டும் உண்மை. சும்மா வேலை செய்யக்கூடியவன் வாடகை கட்டத் தேவையில்லாதவன் என்பது அதைவிடப் பெரிய உண்மை.

எங்கட ஊரில் கலியாண வீட்டுக்கு வந்து சாறி உடுத்தி, கொண்டை போட்டு, எந்த நகை எதோடு என்று தீர்மானிக்கிற அக்காமார் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காசு உண்டு, பெரும்பாலும் அல்பத்தில் பெயர் இல்லை. சஞ்சிகைக்குச் செய்த லண்டன்காரருக்குப் பெயர் இருந்தது, காசு இல்லை. எது நல்லது என்று எங்களுக்குள்ளேயே சண்டை முடியவில்லை. காசை முதலில் பேசு என்கிறவர்களும், படத்துக்குக் கீழே பெயர் போடாமல் ஒரு படமும் கொடாதே என்கிறவர்களும் எங்கட கூட்டத்தில் சரிபாதி.

பெயர் இருந்தும் ஆள் மறக்கப்படலாம். பெட்ரி இறந்து பதினொரு வருடம் கழித்து, 2000இல், மிட்சி லோரன்ஸும் பரி கேமனும் அவரது படங்களைத் திரட்டிப் 'பஃபலோ' என்று புத்தகமாக்கினார்கள். கூட்டாளிகள் செய்யாவிட்டால் யார் செய்திருப்பார்களோ தெரியாது. கரோலைன் பேக்கரின் வேலையை முழுதாகச் சொல்லும் புத்தகம் 2021இல் வந்தது. நோவா நின்று 46 வருடம் ஆகியிருந்தது.