கல்லறைகள் பேசுமெனில்: கண்டி மயானங்களும் பெயரற்றோர் வரலாறும்

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருணாகலுக்குச் செல்லும் பெருவீதியில், மலைநாடு முடிந்து தாழ்நிலம் தொடங்கும் எல்லையை அண்டி அமைந்துள்ள ஊர் கலகெதர. இன்று அவ்வழியே பயணஞ் செய்வோர் ஒரு தேநீர் அருந்தும் நேரத்துக்கு மேல் அங்குத் தங்குவதில்லை. ஆயினும் கண்டி இராச்சியத்தின் வாயில்களுள் ஒன்றாக விளங்கிய ஊர் அது. 1803 பெப்ரவரியில் ஜெனரல் மக்டவலின் தலைமையில் வந்த பிரித்தானியப் படை கலகெதர, கிரிஹாகம ஆகிய இரு காவல் அரண்களையும் கைப்பற்றிய பின்னரே தலைநகருள் நுழைந்தது. அவ்வேளை மன்னனும் மக்களும் நகரைவிட்டு அகன்றிருந்தனர். வெறுமையாகக் கிடந்த தலைநகரில் நாயக்கர் குலத்தவனான முத்துசாமியைப் பிரித்தானியர் அரசனாக்கினர். நான்கு திங்கள் கழியுமுன் காய்ச்சல் படையை அரித்தது. ஜூனில் மேஜர் டேவி சரணடைந்தான். முத்துசாமி கண்டியரிடம் கையளிக்கப்பட்டுக் கொல்லப்பட்டான். டேவியின் படையினரிற் பெரும்பாலானோர் மகாவலிக் கரையில் மாண்டனர்.

இந்நிகழ்ச்சிகளைக் கோர்டினர் பாதிரியார் 1807 இல் வெளியிட்ட நூலிலும் பிறர் எழுதிய குறிப்புகளிலும் விரிவாகக் காணலாம். ஆனால் முத்துசாமிக்கோ மகாவலிக் கரையில் மடிந்தோர்க்கோ கண்டி நகரின் புகழ்பெற்ற மயானத்தில் இடமில்லை. அம்மயானம் தோன்றியதே அதற்குப் பதினான்கு ஆண்டுகளின் பின்னராகும். நூலில் வாழ்வோர் சிலர், கல்லில் வாழ்வோர் சிலர், இரண்டிலும் இடம்பெறாதோர் பலர். இம்மூவகையினரையும் ஒருங்கே நினைவுகூர வழியுண்டா என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

மேலைநாடுகளிற் சில காலமாகக் கையாளப்பட்டுவரும் ஒரு முறை இவ்வினாவை எழுப்பத் தூண்டியது. ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலுள்ள புளூமிங்டன் நகரில், அவ்வூர் வரலாற்று அருங்காட்சியகத்தின் முயற்சியால் 1995 இல் ஒரு ‘கல்லறை நடை’ தொடங்கப்பெற்றது. இறந்தோருட் சிலரைத் தெரிந்தெடுத்து, அவர்தம் கடிதங்கள், பத்திரிகைச் செய்திகள், நீதிமன்றப் பதிவுகள் ஆகியவற்றிலிருந்து உரை ஒன்றை அமைப்பர். அக்கால உடையணிந்த நடிகர் உரிய கல்லறையருகே நின்று, ‘நான் இன்னவன், இவ்வூரில் இவ்வாறு வாழ்ந்தேன்’ எனத் தன்மையிற் பேசுவார். பார்வையாளர் கல்லறைக்குக் கல்லறை நடந்து கேட்பர். எழுத்தாளர் மார்க் ட்வெயின் அடக்கஞ் செய்யப்பட்டுள்ள எல்மைரா நகர மயானத்திலும் இத்தகைய நடை நிகழ்ந்துள்ளது. இறந்தோர் தம் வாழ்வைத் தாமே உரைக்கும் உத்தியை எட்கார் லீ மாஸ்டர்ஸ் என்னும் கவிஞர் 1915 இலேயே தம் நூலொன்றிற் கையாண்டிருந்தார் என்பதும் ஈண்டு குறிப்பிடத்தக்கது.

இஃது எமக்கு முற்றிலும் அந்நியமானது எனக் கூறுவதற்கில்லை. போரில் வீழ்ந்தோனுக்குக் கல் நட்டு, அதிற் பெயரும் பீடும் பொறித்து வழிபட்ட மரபு தமிழருடையது. கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை அதன் படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. மலையகத் தோட்டங்களில் விடியவிடிய ஆடப்படும் பொன்னர் சங்கர் கூத்திலே, மாண்ட வீரர் நடிகரின் உடலில் வந்து பேசுவதாகவே மக்கள் கொள்கின்றனர். அங்கும் ஆடுகளம் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. கதையோடு கூட்டமும் நகர்கின்றது. மேலைநாட்டார் அருங்காட்சியகத்தின் துணைகொண்டு செய்வதை எம் மக்கள் பறையின் துணைகொண்டு செய்துவந்துள்ளனர் எனலாம்.

இனிக் கண்டியை நோக்குவோம். தலதா மாளிகைக்கு அணித்தாய், தேசிய அருங்காட்சியகத்தின் பின்புறத்தே மேட்டுநிலத்தில் அமைந்துள்ளது பிரித்தானியப் படையினர் மயானம். கண்டி பிரித்தானியர் வசமான 1815 இற்கு இரண்டு ஆண்டுகளின் பின், 1817 இல் அது தொடங்கியது. நகர எல்லைக்குள் அடக்கஞ் செய்தல் தடைசெய்யப்பட்டமையால் 1873 இல் மூடப்பட்டது. அங்கு ஏற்கெனவே அடக்கஞ் செய்யப்பட்டோரின் உறவினர்க்கு மாத்திரம் விதிவிலக்கு அளிக்கப்பட, இறுதி அடக்கம் 1951 இல் நிகழ்ந்தது. இருநூறுக்குச் சற்றுக் குறைந்த கல்லறைகளே அங்குள்ளன. இவற்றின் வாசகங்களைப் பென்றி லூயிஸ் என்னும் அரச அலுவலர் தொகுத்து 1913 இல் வெளியிட்டார். நெடுங்காலம் பற்றை மூடிக்கிடந்த இம்மயானம் 1998 இற் சீரமைக்கப்பட்டது.

இக்கல்வெட்டுகளைப் படிப்போர் முதலில் உணர்வது இறந்தோரின் இளமையையே. முப்பது வயதைக் காணாதோர் பலர், குழந்தைகளும் உளர். வாட்டர்லூப் போர்க்களத்திலிருந்து உயிர்தப்பிய கப்டன் மக்கிளாஷன், திருகோணமலையிலிருந்து மழையில் நனைந்தவாறே கண்டிக்கு நடந்து வந்து, ஈர உடையுடன் உறங்கிக் காய்ச்சலுற்று 1817 இல் மாண்டான். நெப்போலியனின் பீரங்கியாற் கொல்ல இயலாதவனை எம் நாட்டு நுளம்பு கொன்றது. யானையால் மிதியுண்டு இறந்தவர் ஒருவர். வீடு இடிந்து வீழ்ந்து இறந்தவர் மற்றொருவர். குதிரையிலிருந்து இறங்குகையில் நிலத்தில் நட்டிருந்த முளை பாய்ந்து இறந்தவர் வேறொருவர். சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டுவோர் விரும்பிக் கூறுபவை இக்கதைகளே.

நடிகருக்கும் இவை எளிதிற் கைகொடுக்கும். ஆனால் வரலாற்று மாணவர் எச்சரிக்கையாயிருக்கவேண்டிய இடமும் இதுவே. இறப்பின் விந்தையை மாத்திரம் கூறும்போது வாழ்வின் பொருள் மறைந்துவிடுகின்றது. யானையால் இறந்தவர் எந்தக் காட்டில், யாருடைய நிலத்தில், எதனை நாடிச் சென்றார் என்னும் வினா எழாமற் போகின்றது. கோப்பித் தோட்டங்களுக்காகக் காடு அழிக்கப்பட்ட காலம் அது என்பதை உணர்ந்தாலன்றி, அவ்விறப்பு வெறும் வேடிக்கைக் கதையாகவே எஞ்சும்.

இம்மயானத்திற் பேசுவதற்கு மிகுந்த சான்று உடையவர் சேர் ஜோன் டொயிலி. 1801 இல் இலங்கைக்கு வந்து சிங்களத்தை ஐயந்திரிபறக் கற்ற இவர், கண்டிப் பிரதானிகளுடன் இரகசியத் தொடர்பு பேணி, 1815 மார்ச் 2 இல் ஒப்பமிடப்பட்ட கண்டி உடன்படிக்கைக்கு வழிவகுத்தார். பின்னர் கண்டி மாகாணங்களின் வதிவிடப் பிரதிநிதியாயிருந்து, 1824 மே 25 இற் காய்ச்சலால் இறந்தார். ஐம்பதாவது அகவை அப்போது நிறைந்திருக்கவில்லை. இவருடைய நாட்குறிப்பைக் கொட்றிங்டன் பதிப்பித்து 1917 இல் வெளியிட்டார். உள்ளூர்ப் பண்பாட்டை நேசித்தவர், கஜமன் நோனா என்னும் சிங்களக் கவிஞைக்கு உதவியவர், துறவிபோல் வாழ்ந்தவர் என்பது ஒரு படிமம். ஓர் இராச்சியத்தை உளவினால் உள்ளிருந்தே உடைத்தவர் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை. நடிகர் முதலாவதை மாத்திரம் பேசின், கேட்போர் கண்கலங்கி வீடு செல்வர்; வெற்றிகொண்டோன் அன்புக்குரியோனாகிவிடுவான். இரண்டையும் ஒரே வாயாற் பேசவைப்பதே கடினமானது, அதுவே வரலாறாகும்.

டொயிலியின் நினைவுத்தூண் கண்டியில் உயர்ந்து நிற்க, அவர் வீழ்த்திய மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் துயில்வது வேலூரிலாகும். 1815 பெப்ரவரி 18 இற் சிறைப்பட்டு, மறு ஆண்டு நாடுகடத்தப்பட்டு, 1832 சனவரி 30 இல் இறந்த அம்மன்னனின் நினைவிடத்தில், பாலாற்றங்கரையிலே, தமிழக அரசு 1990 இல் முத்துமண்டபம் எழுப்பியது. ஆக, கண்டியின் இறந்தோரைத் தேடும் நடை கண்டிக்குள் முடிவதன்று.

இதுவரை கூறப்பட்டோர் கல் உடையோர். கல் இல்லாதோரை எவ்வாறு நினைவுகூர்வது? இவ்விடயத்தில் மகியாவ மயானம் எமக்கு ஒரு வழியைக் காட்டுகின்றது. இலங்கைத் தேயிலைத் தொழிலின் முன்னோடியான ஜேம்ஸ் டெயிலர் அங்கு அடக்கஞ் செய்யப்பட்டுள்ளார். ஸ்கொட்லாந்திற் பிறந்து 1852 இல் இங்கு வந்த அவர், 1867 இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1892 மே 2 இல் அங்கேயே இறந்தார். பருத்த உடலினரான அவருடைய பேழையை, இரு அணிகளாகப் பிரிந்த 24 தொழிலாளர் மாறிமாறித் தோளிற் சுமந்து, மலைப்பாதை வழியே கண்டிக்குக் கொணர்ந்தனர் என்பர். தொழிலாளர் அவரைச் ‘சாமி துரை’ என அழைத்தனர் என்றும் நூல்கள் கூறும். சுமக்கப்பட்டவரின் பெயர் கல்லில் உள்ளது. சுமந்த இருபத்துநால்வரின் பெயர் எங்கும் இல்லை. டெயிலரின் கல்லறையருகே ஒரு நடிகரை நிறுத்துவோமாயின், அவர் டெயிலராக அன்றி, பேழை சுமந்த ஒரு தொழிலாளியாகவே பேசவேண்டும் என்பது என் துணிபு. துரையைப் பற்றியும் அவர் கூறலாம். தம் தோளைப் பற்றியும் கூறலாம்.

அத்தொழிலாளியின் முன்னோர் வந்த வழி மன்னாரிலிருந்து மாத்தளைக்கு வரும் வடக்கு வீதியாகும். கோப்பிக் காலத்தில் அவ்வீதியில் வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் காவுகொண்டோரின் தொகை இன்றும் விவாதத்துக்குரியது. 1840களில் மாத்திரம் 70,000 பேர் மாண்டனர் என அக்காலக் கொழும்புப் பத்திரிகையொன்று கணித்தது. பிற்கால ஆய்வாளர் சிலர் அதனை மிகையென்பர். எண்ணிக்கையைப் பற்றி வாதிடவேண்டியிருப்பதற்குக் காரணமே, எண்ணுவோர் அன்று இல்லாமையாகும். தோட்டத்தை அடைந்தோரும் இறந்தபின் தேயிலைச் செடிகளினூடேயே புதைக்கப்பட்டனர். மண் அவர்களுடையதன்று; ஆதலின் கல்லும் இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை தம் ஆங்கிலக் கவிதையில் நெஞ்சுருகப் பாடியது இந்நிலையையே.

இஃது உணர்ச்சிக்குரிய பொருள் மாத்திரம் அன்று. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாவதற்கு, தம் தந்தையார் அல்லது பாட்டனாரும் பூட்டனாரும் இலங்கையிற் பிறந்தோர் என நிறுவவேண்டுமென விதித்தது. பாட்டனின் பெயர் எந்த ஏட்டிலும் எந்தக் கல்லிலும் இல்லாதவர் அதனை எவ்வாறு நிறுவுவர்? இறந்தோர் பதியப்படாமையின் விலையை உயிரோடிருந்தோர் நாடற்றோராகிச் செலுத்தினர். 1964 இல் எழுந்த ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே இப்பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. கல்லறை வாசகம் என்பது புலம்பலன்று, அஃது ஓர் உரிமைப் பத்திரம் என்பதை இவ்வரலாறு எமக்கு உணர்த்துகின்றது.

கல்லறைகளிடையே நடிப்பது இறந்தோரை அவமதிப்பதாகும் என ஒரு சாரார் கூறலாம். அக்கூற்றைப் புறக்கணித்தல் தகாது. ஆதலின் மூன்று வரையறைகளை முன்வைக்கலாம். முதலாவது, சான்றுள்ள இடத்துச் சான்றின்படியே பேசுதல். இரண்டாவது, கல் ஒன்றே சான்றாயின், அதிலுள்ள பெயரையும் வயதையும் கூறி அமைதல். இரண்டு வயதில் இறந்த குழந்தைக்கு நாம் வசனம் எழுதவேண்டியதில்லை. மூன்றாவது, கல்லும் ஏடும் இல்லாதோர்க்குப் பொய்ப்பெயர் சூட்டி ஒரு தனி மனிதரைப் படைக்காது, ஒப்பாரியிலும் கூத்திலும் உள்ளவாறு கூட்டுக் குரலாகப் பேசவைத்தல். பெயரற்றோர்க்குப் பெயர் கொடுப்பது நாடகாசிரியனுக்கு எளிது. ஆனால் அவர்கள் பெயரிழந்தமையைக் கூறுவதே உண்மைக்கு அணுக்கமானது.

கண்டிக்கு அண்மையிற் பயிலும் மாணவர்க்கு இப்பணி கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. படையினர் மயானத்தில் ஒரு பிற்பகல், மகியாவவில் ஒரு மாலை, தோட்டமொன்றின் புதைமேட்டில் ஒரு காலை என அந்நடை அமையலாம். முதியோரிடம் கேட்டெழுதும் வாய்மொழிச் செய்திகளும், தோட்டப் பதிவேடுகளும், ஆவணக் காப்பகமும் அதற்கு மூலங்களாகும். ஆனால் நடையைத் தொடங்கும் இடம் மயானமாயிருத்தல் வேண்டாம். அது கலகெதர வாயிலிலே தொடங்கட்டும். அரண் காத்தோரும், அதனைக் கடந்து வந்து காய்ச்சலில் மாண்டோரும், எவருக்கோ அரசனாக்கப்பட்டு எவராலோ கைவிடப்பட்ட முத்துசாமியும் ஆகிய கல்லற்ற அனைவரும் முதலிற் பேசட்டும். கல் உடையோர் காத்திருக்கலாம். அவர்கள்தம் பெயரை எவரும் அழித்துவிடப் போவதில்லை.