துடைப்பவரைக் கேட்காத சன்னல்

1847இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நகரங்களின் ஒழுங்குக்காக ஒரு காவல் சட்டம் இயற்றியது. அதன் 28ஆம் பிரிவு தெருவில் செய்யக்கூடாத காரியங்களின் நீண்ட பட்டியல். பட்டம் விடுவது, பனியில் சறுக்குப்பாதை போடுவது, கடிநாயை அவிழ்த்துவிடுவது, கம்பளத்தை அடித்துத் தூசி தட்டுவது எல்லாம் அதில் உண்டு. வாசல் கால்மிதியை மட்டும் காலை 8 மணிக்கு முன்னால் உதறிக்கொள்ளலாம். இந்த வரிசையில்தான் இன்னொரு குற்றமும் வருகிறது. தன்னிடம் வேலை செய்பவர் சன்னலின் வெளித்திட்டில் ஏறி நின்று வெளிப்புறத்தைத் துடைக்கவோ வண்ணம் பூசவோ கட்டளையிட்டாலும் சரி, சும்மா அனுமதித்தாலும் சரி, எசமானுக்குத் தண்டனை. அபராதம் 40 ஷில்லிங் வரை போகலாம். தரைக்குக் கீழே உள்ள நிலவறைச் சன்னலுக்கு மட்டும் விலக்கு. அங்கே விழுவதற்கு உயரமில்லை. பட்டத்தையும் பணிப்பெண்ணின் உயிரையும் ஒரே பிரிவில் வைத்த சட்டத்தின் தராசு ஒருபுறம் இருக்கட்டும். தடை போடும் அளவுக்கு அந்த வேலை நடந்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இங்கிலாந்தில் சன்னல் துடைக்கும் வேலை எவ்வளவு, எத்தனை ஆபத்தானது என்பதை அரசும் கண்ணாடி ஆலையும் வீடு கட்டியவரும்தான் முடிவுசெய்தார்கள். துணியைப் பிடித்த கையை யாரும் கேட்கவில்லை. வேலையைச் சுலபமாக்க வந்த கருவிகள்கூட அந்த முடிவை மாற்றவில்லை.

முதலில் வரி. 1696இல் மூன்றாம் வில்லியம் ஆட்சியில் சன்னல் வரி வந்தது. வீட்டுக்கு 2 ஷில்லிங் பொதுவரி. 10 முதல் 20 சன்னல் இருந்தால் கூடுதலாக 4 ஷில்லிங், அதற்கு மேல் போனால் 8. வீட்டுக்குள் நுழையாமல் தெருவில் நின்றே எண்ணிவிடலாம் என்பது அதிகாரிகளுக்கு வசதி. மக்களுக்கும் எண்ணத் தெரிந்திருந்தது. 1747இல் வரிவிகிதம் 10, 15, 20 என்ற படிகளில் ஏறும்படி மாற்றப்பட்டது. வாலஸ் ஓட்ஸ், ராபர்ட் ஷ்வாப் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அக்காலத்து வரிப்பதிவுகளை ஆராய்ந்து 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 9, 14, 19 சன்னல்கள் உள்ள வீடுகள் அதில் அளவுக்கு மீறிக் குவிந்து கிடந்தன. செங்கல் வைத்து அடைத்த சன்னல்களைப் பழைய ஆங்கிலத் தெருக்களில் இன்றும் பார்க்கலாம். கண்ணாடிமீதே 1740களில் இன்னொரு வரி விழுந்தது. அது எடைக்கு வரி என்பதால் ஆலைகள் மெல்லிய கண்ணாடியையே நாடின. ஆக ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஆங்கில வீட்டில் கண்ணாடி எவ்வளவு இருக்கலாம் என்பதற்குக் கருவூலம் உச்சவரம்பு வைத்திருந்தது. துடைக்கும் வேலைக்கும் அதுவே வரம்பு.

அந்த வரம்பு ஆறு ஆண்டுகளில் உடைந்தது. 1845இல் பிரதமர் ராபர்ட் பீல் கண்ணாடி வரியை நீக்கினார். 1851இல் சன்னல் வரியும் போனது. அதற்குள் ஆலைகளும் மாறியிருந்தன. பழைய முறையில் உருகிய கண்ணாடியைக் குழலின் முனையில் சுழற்றிச் சுழற்றி வட்டத் தட்டாக விரிப்பார்கள். நடுவில் ஒரு குமிழ் விழுந்துவிடும் என்பதால் அதிலிருந்து சின்னச் சில்லுகளைத்தான் வெட்ட முடியும். ஸ்மெதிக்கில் இருந்த சான்ஸ் பிரதர்ஸ் ஆலை 1832இல் பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் கைதேர்ந்தவர்களை வரவழைத்தது. அவர்கள் நீண்ட உருளையாக ஊதி, நெடுக வெட்டி, சூட்டில் தட்டையாக விரித்து, பெரிய தகடுகளை எடுத்தார்கள். ஜோசப் பாக்ஸ்டன் 1851இல் லண்டனில் ஒரு பெரிய கண்காட்சிக்காக எழுப்பிய கண்ணாடி மாளிகைக்கு ஏறக்குறைய 3 லட்சம் தகடுகளைக் கொடுத்தது அந்த ஆலைதான். அந்த மாளிகையின் தரைப்பலகைகளுக்கு நடுவே தூசி கீழே விழுவதற்காக இடைவெளி விட்டிருந்தார்கள். கூட்டித் தள்ள இயந்திரம் வைப்பதாகவும் திட்டம் இருந்தது. பார்க்க வந்த பெண்களின் தரைதொடும் பாவாடைகளே அந்த வேலையை முடித்துவிட்டன என்று சொல்வார்கள்! துடைக்கிற, கூட்டுகிற வேலை கடைசியில் யார் தலையில் விழும் என்பதை அந்தக் கண்காட்சி தன்னையறியாமல் காட்டிவிட்டது.

வீடுகளில் கண்ணாடி பெருகியபோது இரண்டு விஷயங்கள் கூடச் சேர்ந்துகொண்டன. ஒன்று நிலக்கரிப் புகை. ஒவ்வொரு அறையிலும் கணப்பு எரிந்த நகரத்தில் காலையில் துடைத்த கண்ணாடி நெடுநேரம் பளிச்சென்று இருக்க வழியில்லை. இன்னொன்று சன்னலின் அமைப்பு. 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இங்கிலாந்தில் பரவியது, கப்பியும் எடையும் வைத்து மேலும் கீழுமாக நகரும் சன்னல். மழையும் காற்றும் உள்ளே வராமல் தடுப்பதில் அது கெட்டிக்காரத்தனமான வடிவம்; அழகும் கூட. ஆனால் சுவரோடு சுவராகவே நகர்வதால் அதன் வெளிமுகம் ஒருபோதும் அறைப்பக்கம் திரும்பாது. திட்டில் ஏறி நிற்க வேண்டும், அல்லது வெளியே உட்கார்ந்து கீழ்க்கதவைத் தொடைமேல் இறக்கிக்கொண்டு உடம்பைத் தெருப்பக்கம் தொங்கவிட வேண்டும். பிரான்சைப் போல உள்நோக்கித் திறக்கும் சன்னல் கதவுகளுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. 1891 மக்கள்தொகைக் கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டுவேலை செய்த பெண்கள் 13 லட்சத்துக்கும் மேல். அத்தனை மலிவாக ஆள் கிடைக்கும்போது சன்னலைத் திருத்தி வடிவமைக்க எந்தக் கட்டுநர் மெனக்கெடுவார்?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. விக்டோரியா காலத்தில் மக்களின் சுத்த உணர்வு வளர்ந்தது, அதனால்தான் துடைத்தார்கள், கண்ணாடி வெறும் பின்னணி என்பார்கள். எட்வின் சாட்விக்கின் சுகாதார அறிக்கை 1842இலேயே வந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டுசொன்னது 1882இல்; பணிப்பெண் அதற்கு வெகுமுன்பே திட்டில் ஏறியாயிற்று. சுத்த உணர்வு என்பதும் ஆகாயத்திலிருந்து இறங்குவதில்லை. சுத்தத்துக்கே பேர்போன டச்சுக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய துடைப்பு வெறிக்குச் சமயக் கட்டுப்பாடு காரணம் என்று நெடுங்காலம் பேசப்பட்டது. பாஸ் வான் பாவெல், ஆஸ்கர் கெல்டர்ப்ளோம் என்ற ஆய்வாளர்கள் 2009இல் வேறு விளக்கம் தந்தார்கள்: வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் விற்றுப் பிழைத்த குடும்பங்களுக்குப் பாத்திரமும் தரையும் சுத்தமாக இருந்தால்தான் சரக்கு கெடாது. தொழில் கற்றுக்கொடுத்த பழக்கம் பிறகு பண்பாடாக நின்றது. இன்னொன்றையும் கவனிக்கலாம். டச்சு வீடுகளில் சன்னல் கழுவ ஒரு கைப்பீச்சாங்குழல் இருந்தது. வாளித் தண்ணீரில் அதை வைத்து அழுத்தினால் மாடிச் சன்னல்வரை நீர் பாயும். துடைப்பவர் கால் தரையிலேயே இருக்கும். சுத்த ஆசை இரு நாட்டுக்கும் பொதுவாக இருந்தாலும் உயிரைப் பணயம் வைப்பது அதன் தவிர்க்க முடியாத விலையல்ல.

அடுத்த மறுப்பு வலுவானது. கருவிகள் வேலையைக் குறைக்கவில்லையா? குறைத்தன, ஒரு பகுதியை. முதல் உலகப்போருக்குப் பிறகு வீட்டுவேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாக, ஏணியும் வாளியுமாகத் தெருத்தெருவாக வரும் சன்னல்காரர் அந்த இடத்தைப் பிடித்தார். 1936இல் ஜார்ஜ் ஃபார்ம்பி ஒரு படத்தில் அவரைப் பற்றிப் பாடும் அளவுக்கு அது பழகிய தொழிலாகியிருந்தது. ஏறத்தாழ அதே சமயம் கலிபோர்னியாவில், இத்தாலியிலிருந்து குடியேறிய எட்டோரே ஸ்டெக்கோனி என்ற சன்னல் துடைப்பாளர், கனத்த இரும்பு வைப்பருக்குப் பதிலாகப் பித்தளைப் பிடியும் ஒற்றை ரப்பர் விளிம்பும் கொண்ட இலேசான வைப்பரைச் செய்து, 1938இல் காப்புரிமை பெற்றார். இன்று உலகெங்கும் தொழில்முறையாளர் கையில் இருப்பது ஏறக்குறைய அதுதான். வேலை செய்தவரே வடிவமைத்த கருவி என்பதால்தான் அது நிலைத்தது என்பேன். ஆனால் வேகம் கூடியதன் பலனைக் கட்டடங்கள் விழுங்கிவிட்டன. பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்த முறையில், உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடியை மிதக்கவிட்டு, மெருகேற்றத் தேவையில்லாத தகடுகளை இடைவிடாமல் எடுக்க முடிந்தது. சுவர் முழுக்கவே கண்ணாடியானது. வீட்டுக் கருவிகள் பெண்களின் வேலை நேரத்தைக் குறைக்காமல் எதிர்பார்ப்பை உயர்த்தின என்று ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில் காட்டியது சன்னலுக்கும் பொருந்தும். 2001இல் அதே பில்கிங்டன் கொண்டுவந்த, தானே சுத்தமாகும் கண்ணாடிகூட வெயிலும் மழையும் படும் வெளிமுகத்தில்தான் பயன்படும். உட்புறத்துக்குத் துணியும் கையும் வேண்டும்.

சன்னல் குறைந்த இருட்டு வீடே மேல் என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். அடைத்த சன்னல்கள் ஏழைகளை வெளிச்சமும் காற்றும் இல்லாமல் வதைத்தன என்று அக்கால மருத்துவர்கள் போராடியது நியாயமே. தீர்வு கண்ணாடியைக் குறைப்பதில் இல்லை, திறக்கும் முறையில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் நான்கைந்து மாடிக் கல்வீடுகளில் இதே மேல்கீழ்ச் சன்னலுக்கு ஒரு கீல் பூட்டினார்கள். கயிற்றை விடுவித்தால் கீழ்க்கதவு அறைக்குள் திரும்பிவிடும்; உள்ளே நின்றபடியே வெளிமுகத்தைத் துடைக்கலாம். பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. ஸ்காட்லாந்தின் கட்டட விதிகள் இன்றும் குடியிருப்புகளின் சன்னலைப் பத்திரமாகத் துடைக்க வழி இருக்க வேண்டும் என்கின்றன. இங்கிலாந்திலோ அப்படியொரு விதி அலுவலகம் போன்ற கட்டடங்களுக்கு உண்டு, வீடுகளுக்குக் கிடையாது. வீட்டில் துடைப்பவர் சம்பளம் வாங்காதவர் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இது நமக்கும் தொலைவில் இல்லை. மிதக்கவிட்டு எடுக்கும் கண்ணாடி 2000 முதல் சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரிலேயே தயாராகிறது. மரக்கதவும் இரும்புக் கம்பியும் இருந்த இடத்தில் அலுமினிய நகர்வுச் சன்னல்கள் வந்துவிட்டன. ஆங்கிலேயர் மேலும் கீழுமாக நகர்த்தியதை நாம் பக்கவாட்டில் நகர்த்துகிறோம், குறை மாறவில்லை. கண்ணாடியைத் தூக்கிக் கழற்ற முடிந்தால் சரி, வெளியே கம்பி அடித்து நிரந்தரமாகப் பொருத்திவிட்டால் கை நுழையாது. வீடு கட்டுபவர்களும் அடுக்ககத்தில் முன்பதிவு செய்பவர்களும், வரைபடத்தில் ஒவ்வொரு சன்னலாகக் காட்டி, இதன் வெளிமுகத்தை எங்கே நின்று துடைப்பது என்று பொறியாளரைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால், பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தச் சன்னலை மாற்றச் சொல்லுங்கள்.