பட்டத்தின் பின்னே நின்றவர்கள்

இறந்தோரை நினைத்துப் போற்றுதல் தமிழருக்குப் புதிய வழக்கமன்று. போரில் பட்ட வீரனுக்குக் கல் நட்டு, அக்கல்லிலே அவன் பெயரையும் அவன் ஆற்றிய செயலையும் பொறித்து வைத்த குடி நம் குடி. கல்லைத் தேடிக் காணுதல் தொடங்கி அதனை வாழ்த்துதல் ஈறாக, நடுகல்லுக்குரிய முறைகளை ஆறு துறையாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. ஊரார் ஆநிரையை மீட்கச் சென்று மாண்டான் இன்னான் என்று எழுதிய கற்கள் இன்றும் தமிழகத்துக் காடு கழனிகளில் நிற்கின்றன. இறந்தவன் யார் என்பதோடு, அவன் யாருக்காக இறந்தான் என்பதையும் அக்கல் கூறும். அதுவே அதன் சிறப்பு.

இனி நம் காலத்து வழக்கத்தை நோக்குவோம். பினாங்கில் லிட்டில் இந்தியா என வழங்கும் பினாங்குத் தெரு, மார்க்கெட் தெருப் பக்கத்திலே படித்தவர் ஒருவர் மறைந்தால் நடப்பது யாது? மாலைகள் வருகின்றன; படம் பெரிதாக்கப்படுகின்றது; பத்திரிகையில் அறிவிப்பு வெளியாகின்றது. அவ்வறிவிப்பிலே பெயருக்குப் பின்னால் பட்டங்கள் வரிசையாக நிற்கும். வகித்த பதவிகள் நிற்கும். மக்கள், மருமக்கள் பெயர்கள் நிற்கும். அப்பட்டங்களின் பின்னே நின்றவர் யார் என்பது மட்டும் அதில் இராது. பதினாறாம் நாள் கழிந்தபின் படம் சுவரிலே தங்கிவிடும், வாழ்க்கையோ மறைந்துவிடும்.

பிற நாட்டுக் கல்விக் கழகங்கள் இதனை இவ்வாறு விடுவதில்லை. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகரிலுள்ள நியூ கல்லூரியில், முதல் உலகப் போரில் மாண்ட மாணவர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அக்கல்லூரியில் பயின்று, பின்னர் எதிர்ப்படையிலே சேர்ந்து மாண்ட ஜெர்மானியருக்கும் அங்கே தனியாக ஒரு நினைவுப் பலகை உண்டு. போர்ப் பகையும் உடன் பயின்ற உறவை அறுக்கவில்லை என்பதை அப்பலகை காட்டுகின்றது.

அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 1905-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியே பின்னர் ஏழாம் எட்வர்டு அரசர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1942 பிப்ரவரி 14-ஆம் நாள், சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்வதற்கு முதல் நாள், குண்டுபட்டு இறந்த தம் தோழன் ஒருவனை மருத்துவமனை வளாகத்திலே அடக்கம் செய்யச் சென்ற அக்கல்லூரி மாணவர்மீது பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. 11 மாணவர் மாண்டனர். பட்டம் பெறாமலே மடிந்த அவ்விளைஞருக்கு அங்கே நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டுள்ளது. அவர்கள் வகித்த பதவி என்று எழுத ஒன்றுமில்லை. தோழனைத் தனியே விட்டுச் செல்லாத நெஞ்சம் ஒன்றே எழுதத்தக்கதாய் இருந்தது.

அம்மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் ஒன்றாகி, 1949 அக்டோபரில் மலாயாப் பல்கலைக் கழகம் தோன்றிற்று. அதற்கு முன் பட்டம் பெற விரும்பிய நம்மவர் கப்பலேறிச் சென்னைக்கோ சிதம்பரத்திற்கோ இங்கிலாந்திற்கோ செல்ல வேண்டியிருந்தது. தொழிலாளரை இந்நாட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிய இதே பினாங்குத் துறைமுகம், அவருள் வசதி வாய்த்த மிகச் சிலரின் பிள்ளைகளைக் கல்வி தேடி அனுப்பியும் வைத்தது.

புதிய பல்கலைக் கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்த காலத்தே, அதில் தமிழுக்கு முதலிடமா, வடமொழிக்கு முதலிடமா என்ற வழக்கு எழுந்தது. தமிழுக்காக வாதாடி முன்னின்றவர் கோ. சாரங்கபாணி. திருவாரூரில் பிறந்து, 1924-இல் சிங்கப்பூர் வந்து, 1935-இல் ‘தமிழ் முரசு’ நிறுவிய அவர், ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரால் நிதி திரட்டினார். தோட்டத்திலே பால் மரம் வெட்டியவரும் துறைமுகத்திலே மூட்டை சுமந்தவரும் தம் கூலியிலிருந்து சிறு தொகைகளை ஈந்தனர். 1956-இல் துறை தொடங்கிற்று. பின்னர் அது கோலாலம்பூருக்கு மாறிற்று. பல்கலைக் கழகத்தின் வாயிலைக் கண்டறியாதார் பலர், அதன் உள்ளே தமிழ் நூல்கள் நிற்கக் காசு கொடுத்தனர் என்பது உலகக் கல்வி வரலாற்றிலேயே பெருமைக்குரிய செய்தியன்றோ!

அத்துறையிலே 1961 முதல் 1969 வரை தலைமை வகித்தவர் தனிநாயக அடிகளார். 1913-இல் யாழ்ப்பாணத்தைச் சார்ந்த ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்த அவர், ரோமாபுரியில் குருத்துவக் கல்வி முடித்தபின் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் தமிழ் பயின்று பட்டம் பெற்றவர். அப்பல்கலைக் கழகமோ, கடல் கடந்த நாடுகளிலே கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் குலத்துதித்த அண்ணாமலைச் செட்டியாரால் 1929-இல் நிறுவப்பெற்றது. அக்குலத்தாரின் கிட்டங்கிகள் நம் பினாங்குத் தெருவிலும் இருந்தன. அடிகளார் 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். 1679-இல் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ் – போர்ச்சுகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்திலே கண்டெடுத்து, அதே 1966-இல் மலாயாப் பல்கலைக் கழக வெளியீடாகக் கொணர்ந்தார். 1980 செப்டம்பர் 1-ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் மறைந்தார். உலகம் அவரைப் பேரறிஞர் என நினைக்கின்றது, அது தகும். எனினும், அவர் அமர்ந்த அத்துறைக்குத் தோட்டத் தொழிலாளியும் ஒரு புரவலன் என்பதையும் சேர்த்து நினைத்தாலன்றி அந்நினைவு நிறைவுறாது.

அத்துறையிற் பயின்ற மாணவருள் ஒருவர் பினாங்கு வாசகர் நன்கறிந்த ரெ. கார்த்திகேசு. 1940-இல் கெடா மாநிலத்துப் பீடோங்கில் பிறந்தார். வானொலி, தொலைக்காட்சித் துறையில் பணியாற்றினார். மேல்நாடுகளிலே உயர்கல்வி பெற்றார். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராய் விளங்கினார். அயல்மொழிக் கல்வியால் உயர்ந்தவர் தாய்மொழியை வீட்டுப் பரணில் ஏற்றிவிடுவது நம்மிடையே காணாத காட்சியன்று. அவரோ பேராசிரியர் பணிக்கிடையே தமிழிலே சிறுகதைகளும் நாவல்களும் திறனாய்வுகளும் எழுதிக்கொண்டேயிருந்தார். சாவை எதிர்நோக்கும் மனிதன் ஒருவனைப் பற்றி ‘அந்திம காலம்’ என ஒரு நாவலும் இயற்றினார். 2016 அக்டோபரில் அவர் மறைந்தபோது, ஒரு பேராசிரியரை மட்டுமன்றி, தான் பெற்ற கல்வியைத் தமிழுக்குத் திருப்பித் தந்த ஒரு கடனாளியையும் நாம் இழந்தோம். கடனாளி என்றது குறையாகவன்று. பெற்றதை மறவாதவனே கடனாளி.

நிற்க. “படித்து மறைந்தவனுக்கு மட்டும் நினைவா? உழைத்து மறைந்தவனுக்கு இல்லையா?” எனத் தோட்டத்து அன்பர் வினவலாம். வினா நேர்மையானது. படித்தவனைத் தனியே எடுத்துப் போற்றினால், பழைய மேல் கீழ் வேற்றுமைக்குப் புதிய பெயர் சூட்டியதாகவே முடியும். ஆகவே, பட்டம் ஒருவனுடைய தனியுடைமையன்று என்பதை முதலில் உணர வேண்டும். அதிகாலையிலே எழுந்து பால் வெட்டப் போன தாய், நான்கு வகுப்புகளை ஓர் அறையில் வைத்துப் பாடம் நடத்திய தோட்டப் பள்ளி ஆசிரியர், தன் படிப்பை நிறுத்தித் தம்பியைப் படிக்க வைத்த அக்காள், இவர்கள் எல்லாரும் அதிற் பங்குடையார். பட்டதாரியின் வாழ்வை உண்மையாய் எழுதினால் இவர் பெயர்களும் உடன் எழுதப்படும். எழுதாது விட்டால் இரு சாராரும் ஒருங்கே மறைவர்.

இதற்குப் பெரும் பொருள் வேண்டா. சிலையும் மண்டபமும் வேண்டா. ஒரு பட்டதாரி மறைந்த வீட்டார், படத்திற்குச் சட்டம் போடும் அதே வாரத்தில் நான்கு பக்கம் எழுதி வைத்தல் போதும். அவர் எங்கே பிறந்தார்? பெற்றோர் என்ன வேலை செய்தனர்? பள்ளிச் சம்பளம் யார் கட்டினர்? கற்ற கல்வியை யாருக்குப் பயன்படுத்தினார்? எவ்விடத்தில் தவறினார்? ஆம், தவறியதும் எழுதப்பட வேண்டும். புகழ்ச்சி மட்டும் நிறைந்த ஏட்டை வருங்காலத்தார் நம்பார். அந்நான்கு பக்கத்தின் ஒரு படி அவர் முதலெழுத்துக் கற்ற தமிழ்ப் பள்ளிக்குச் செல்லட்டும். மற்றொன்று ஊர் நூலகத்திற்கோ சங்கத்திற்கோ செல்லட்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வருகின்றன, லயங்கள் இடிக்கப்பட்டன, பள்ளிகள் இடம் பெயர்கின்றன. பழைய செய்தி அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். தாய் வேலை செய்த தோட்டத்தின் பெயரைச் சொல்ல வல்லவர் இன்று இருக்கின்றனர். அவரிடம் இன்றே கேட்டு எழுதுவோமாக.