மதினியிடம் யார் கேட்டார்கள்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் நண்பனோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பிறந்து வளர்ந்தது தாராவியில். அவன் அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.

"மதினி குடுக்காங்க. பிளட் குரூப் சேருது" என்றான். கூடவே, "இன்னும் பத்து வருசத்துல லேப்லயே கிட்னி வளத்துருவாங்களாம்லா? குளோனிங், ஸ்டெம் செல்னு என்னமோ சொல்லுதாங்க. அப்புறம் யாரும் யாருகிட்டயும் கேட்டு நிக்க வேண்டாம்."

"மதினிகிட்ட யாரு கேட்டா?" என்றேன்.

முழித்தான். "கேக்கதுக்கு என்னல இருக்கு? புருசன்லா."

செம்பூருக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தப் பதில் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் பழைய கதை, பொறுமையாகப் படியுங்கள்.

இந்தியாவில் உறுப்பு மாற்றத்தின் கதை நம்ம பம்பாயில்தான் தொடங்குகிறது. 1965ல் பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.கே. சென் குழுவினர், இறந்த ஒருவரின் கிட்னியை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்திப் பார்த்தார்கள். 1968 பிப்ரவரியில் அதே சென் அங்கேயே இதய மாற்று சிகிச்சையும் செய்தார். தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்டியன் பர்னார்டு உலகின் முதல் இதய மாற்று சிகிச்சையைச் செய்து இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. நோயாளி சில மணி நேரமே பிழைத்திருந்தார். இதயம் துடிக்கும்போதே ஒருவரை இறந்தவர் என்று சொல்லலாமா என்பதற்கு அப்போது நம் நாட்டில் சட்டமே கிடையாது.

உயிரோடு இருக்கும் உறவினரிடமிருந்து கிட்னி வாங்கி, நல்லபடியாக நடந்த முதல் மாற்று சிகிச்சை 1971ல் வேலூர் சி.எம்.சி.யில். அதுவரை எல்லாம் நல்ல கதைதான்.

எண்பதுகளில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்தது. வேறொருவரின் உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் அடக்கி வைக்கும் மருந்து. ரத்த சொந்தம் இல்லாதவர் கிட்னியும் ஒத்துக்கொள்ளும் என்று ஆனதும், அது கடைச்சரக்கானது. சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பட்டப்பெயரே வந்தது நினைவிருக்கும். எத்தனை வயிறு எரிந்து வைத்த பெயரோ!

அப்புறம் 1994ல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. அதைக் கேட்டு முன்வந்த மாநிலங்களில் மகாராஷ்டிரமும் ஒன்று. தமிழ்நாடு 1995ல் ஏற்றுக்கொண்டது. உறுப்பை விற்பது குற்றம், மூளைச்சாவு சட்டப்படி சாவு, உயிரோடு இருப்பவர் என்றால் நெருங்கிய உறவினர் கொடுக்கலாம், மற்றவர்கள் கொடுக்க அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். இதுதான் சாரம்.

வியாபாரம் நின்றதா? 2002ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், கிட்னி விற்ற 305 பேரைச் சென்னையில் சந்தித்து எழுதிய ஆய்வு வெளியானது. 96 சதவீதம் பேர் விற்றது கடன் அடைக்க. கையில் கிடைத்தது சராசரியாக 1,070 டாலர். விற்ற பிறகும் முக்கால்வாசிப் பேருக்குக் கடன் அப்படியே இருந்தது. குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. விற்றவர்களில் 71 சதவீதம் பெண்கள். சுனாமிக்குப் பிறகு 2007ல் எர்ணாவூர் மீனவப் பெண்கள், 2025ல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் என்று செய்தி இன்னமும் வந்துகொண்டேதான் இருக்கிறது.

சரி, ஆய்வகக் கதைக்கு வருவோம்.

1996ல் ஸ்காட்லாந்தில் டாலி ஆட்டுக்குட்டி பிறந்தது. 277 முயற்சியில் ஒன்றே ஒன்று. 1998ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுத்தார். எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய செல் அது. அங்கே இதற்குப் பெரிய எதிர்ப்பு. 2001 ஆகஸ்டில் அதிபர் புஷ், ஏற்கெனவே எடுத்து வளர்த்து வரும் செல் வரிசைகளுக்கு மட்டும்தான் அரசு பணம் என்றார். அந்தப் பட்டியலைப் பார்த்தால், நம்ம மும்பை ரிலையன்ஸ் லைஃப் சயின்சஸிடம் 7, பெங்களூர் என்.சி.பி.எஸ்.ஸிடம் 3! 2005ல் ஐ.நா. சபை எல்லா வகை மனிதக் குளோனிங்கையும் தடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டபோது இந்தியா எதிர்த்து வாக்களித்தது. குளோனிங்கில் குழந்தை பிறப்பது வேண்டாம், ஆனால் சிகிச்சைக்கான ஆய்வுக் கதவை மூடாதீர்கள் என்பதுதான் நம் நிலை.

ஆனால் குளோனிங்குக்கு மூலப்பொருள் எங்கிருந்து வரும்? கருமுட்டை வேண்டும். அது ஒரு பெண்ணின் உடம்பிலிருந்துதான் வரவேண்டும். தென்கொரியாவின் ஹ்வாங் வூ-சுக் 2004லும் 2005லும் குளோன் செய்த மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுத்துவிட்டேன் என்று உலகையே அசத்தினார். அப்புறம் பார்த்தால் அத்தனையும் புளுகு. அதைவிட எனக்கு உறைத்தது வேறு. பல பெண்களுக்குக் காசு கொடுத்து முட்டை வாங்கியிருந்தார்கள். அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்த்த இளம்பெண்களும் முட்டை கொடுத்திருந்தார்கள். மேலதிகாரியிடம் 'மாட்டேன்' என்று சொல்ல முடியுமா, சொல்லுங்கள்!

2006ல் ஜப்பானின் யமனாக்கா, சாதாரணத் தோல் செல்லையே ஸ்டெம் செல் மாதிரி மாற்றிக் காட்டினார். முதலில் எலியில், அடுத்த வருடம் மனிதரில். 2012ல் நோபல் பரிசு. முட்டையும் வேண்டாம், கருவும் வேண்டாம். நெறிச் சிக்கலில் பாதி தீர்ந்தது. ஆனாலும் ஆய்வகத்தில் இதுவரை வளர்ந்திருப்பது பயறளவு குட்டிக் கிட்னிகள்தான். 2024 மார்ச்சில் பாஸ்டனில், மரபணு மாற்றிய பன்றியின் கிட்னியை உயிரோடு இருக்கும் ஒருவருக்குப் பொருத்தினார்கள். அவர் சுமார் இரண்டு மாதம் வாழ்ந்தார்.

ஆக, நண்பன் சொன்ன அந்த நாள் வரலாம். ஆனால் அது வரும்வரை யாரோ ஒருவர் கொடுத்துத்தான் ஆகவேண்டும். இந்த அறுபது வருடக் கதையில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். தொழில்நுட்பம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் கேட்டால் மறுக்க முடியாதவரிடமே ஒவ்வொரு முறையும் போய் நிற்கிறோம். வில்லிவாக்கத்தில் கடன்காரர், கொரியாவில் கீழே வேலை பார்த்தவர், நம் வீட்டில் மனைவி. நம் நாட்டில் உயிரோடு கிட்னி கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெற்றுக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பது சும்மா அமைந்ததா?

மனைவி கொடுப்பது தப்பு என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டு வாங்குங்கள் என்கிறேன். 'இல்லை' என்று சொல்ல இடம் கொடுத்துக் கேட்பதுதான் கேட்பது.

நண்பன் அந்த வாரமே போய்க் கேட்டிருக்கிறான். மதினி கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். பிறகு, "டாக்டர நான் தனியாப் பாக்கணும்" என்று மட்டும் சொன்னார்களாம். பார்த்துவிட்டு வந்தார்கள். இன்னும் முடிவு சொல்லவில்லை. யாரும் அவசரப்படுத்தவும் இல்லை. அண்ணன் பெயரை, இறந்தவர் கிட்னிக்கான காத்திருப்புப் பட்டியலிலும் பதிந்துவிட்டார்கள். மும்பையில் அந்தப் பட்டியலைக் கவனிக்கும் இசட்.டி.சி.சி. அலுவலகம் இருப்பது, தாராவியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய சயான் ஆஸ்பத்திரி வளாகத்தில்.

அந்தப் பட்டியல் நகர்வதற்கு, மூளைச்சாவு நேரும்போது குடும்பம் சம்மதிக்க வேண்டும். 2008ல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்ததும் தமிழ்நாடு எப்படி விழித்துக்கொண்டது என்பது உங்களுக்கே தெரியும். இன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் இதைப் பேசிப் பாருங்கள். என் மனைவியிடம் என் விருப்பத்தைச் சொல்லிவிட்டேன். அவள் விருப்பத்தையும் கேட்டுக்கொண்டேன்.