நிலம் அடங்கிய பிறகு

ஜப்பானின் நிலநடுக்கங்களைப் பற்றிப் பேசுவோர் ரிக்டர் அளவையும் இறந்தோர் எண்ணிக்கையையும் சொல்வார்கள். நான் செவிலியர். எனக்கு முதலில் எழும் கேள்வி வேறு: அவர்கள் எதனால் இறந்தார்கள்?

1923 செப்டம்பர் 1, பகல் 11.58. டோக்கியோவிலும் யோகோஹாமாவிலும் மதியச் சமையலுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். மர வீடுகள் சரிந்தன. பலத்த காற்றில் தீ பரவியது. மாண்ட சுமார் 1,05,000 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு. ஹோன்ஜோவில் ராணுவ உடைக் கிடங்கு இருந்த திறந்தவெளியில் தஞ்சம் புகுந்தவர்களைத் தீச்சுழல் சூழ்ந்தது. அங்கு மட்டும் சுமார் 38,000 பேர் இறந்தனர். தீயோடு வதந்தியும் பரவியது. கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற பொய்யை நம்பி, ஆயிரக்கணக்கான கொரியர்களைக் கொன்றார்கள். அந்தச் சாவுகளுக்கு நிலத்தின்மேல் பழி போட முடியாது.

1995 ஜனவரி 17, அதிகாலை 5.46, கோபே. ஊர் உறங்கிக்கொண்டிருந்தது. கனத்த ஓட்டுக்கூரைகளோடு பழைய மர வீடுகள் படுக்கையின்மேல் விழுந்தன. பெரும்பாலோர் நசுங்கியும் மூச்சடைத்தும் இறந்தனர். இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்ட சிலரும் பிறகு இறந்தார்கள். நசுங்கிய தசையின்மீதிருந்த பாரம் அகன்றதும் அதிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும்; தசைப் புரதம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். சரியான நேரத்தில் திரவமும் டயாலிசிஸும் கிடைத்தால் பலரைக் காப்பாற்றலாம். கோபே தந்த பாடத்தால்தான் 2005இல் ஜப்பான் பேரிடர் மருத்துவக் குழுக்களை அமைத்தது.

2011 மார்ச் 11இல் 9.0 அளவு நடுக்கம். இம்முறை கட்டடங்கள் பெரும்பாலும் நின்றன, கடல் வந்தது. இறந்த சுமார் 15,900 பேரில் 10க்கு 9 பேர் நீரில் மூழ்கியவர்கள். சுனாமி என்ற ஜப்பானியச் சொல்லை 2004 டிசம்பரில் நாமும் கற்றுக்கொண்டோமே, அந்தக் கடல்தான்.

நெருப்பு, பாரம், நீர். ஒவ்வொரு முறையும் சாவு வேறு வாசல் வழியாக வந்தது. ஆனால் இந்த வரலாற்றில் நான்காவது வாசல் ஒன்றும் உண்டு.

கோபேயில் இறந்தோர் எண்ணிக்கை 6,434 என்கிறோம். அதில் 900க்கும் மேற்பட்டோர் நடுக்கத்தில் தப்பியவர்கள். முகாம் குளிரிலும், நிமோனியாவிலும், மாரடைப்பிலும் பிறகு இறந்தவர்கள். ஜப்பான் இதற்கு 'பேரிடர் சார்ந்த மரணம்' என்று பெயரிட்டுக் கணக்கு வைக்கிறது. 2016இல் குமமோட்டோவில் நிலநடுக்கம் நேரடியாகக் கொன்றது 50 பேரை. பிறகு இறந்தோர் 200க்கும் மேல். பின்னதிர்வுக்குப் பயந்து பலர் காரிலேயே உறங்கினார்கள். கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்கள். மடக்கிய காலில் ரத்தம் உறைந்தது. 2024 புத்தாண்டு நாளில் நோட்டோவில் வந்த நடுக்கத்திலும், பிறகு இறந்தோர் எண்ணிக்கை நேரடிச் சாவுகளைத் தாண்டிவிட்டது.

இந்த நான்காவது வாசலில் காவல் நின்றவர் யூகோ குரோடா என்ற செவிலியர். கோபே நடுக்கத்துக்குப் பிறகு மருத்துவமனைப் பதவியை விட்டு, தற்காலிகக் குடியிருப்பிலேயே தங்கினார். முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் முன்னுரிமை கொடுத்து அங்கே வீடு ஒதுக்கினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பழைய அக்கம்பக்கம் கலைந்துபோனது. கதவுக்குப் பின்னால் யாருமறியாமல் இறப்பவர்கள் பெருகினார்கள். குரோடாவும் தோழர்களும் வீடுவீடாகக் கதவைத் தட்டி நலம் விசாரித்தார்கள். 2011க்குப் பிறகு வடகிழக்குக்கும் போனார். 2014இல் மறையும்வரை அதுவே அவர் பணி.

நிலநடுக்கத்தை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் குடிதண்ணீர், கழிப்பறை, கால் நீட்டிப் படுக்க ஓர் இடம், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்க ஒரு குரல் இவற்றை நம்மால் கொடுக்க முடியும். செய்தியில் எண்ணிக்கை நின்ற பிறகும் சாவு நிற்பதில்லை. அடுத்த முறை உதவி அனுப்ப நினைக்கும்போது, முதல் வாரத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.